பகலில் உறங்குகிறவர்கள்

இரவுப் பணி முடிந்து மில் பேருந்திலிருந்து இறங்கிய பெண்கள், தெருமுனையில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டே தத்தம் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவர்களின் பார்வை அது. ஆயின், மழை வந்தால் அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

புவனேஸ்வரி கைகால் கழுவி, தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, இரண்டு வாய் சோறு உண்டு பாயை விரித்தாள். மில்லிலிருந்து மடியில் முடிந்துகொண்டு வந்திருந்த கழிவுப் பஞ்சை உருட்டி இரு காதுகளிலும் அடைத்தாள். சன்னலில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டாள். இவ்வளவும் செய்து கண்ணை மூடி, உறக்கம் மெல்ல அவளைக் கைப்பற்றத் தொடங்கிய வேளையில், வீட்டுச் சுவரே இருமுவதுபோல ஓர் ஓசை எழுந்தது. ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்க்கிறார்கள். அடுத்து அவளுடைய கணவனின் குரல் வந்தது.

"எட்டு மணி நேரம் உழைப்பு! எட்டு மணி நேரம் ஓய்வு! எட்டு மணி நேரம் உறக்கம்! உறக்கம் எங்கள் உரிமை!"

அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டு அந்தக் குரலுக்கு நடுங்கியது.

வேடசந்தூர்ச் சாலையிலிருந்து பிரியும் கரட்டுப்பட்டி காலனியில், நூற்பாலைக்கு ஆள் அனுப்பாத வீடு அரிது. முன்பு மூன்று ஷிப்ட்டுகளாக நடந்த மில்லில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, ஒருநாள் திடீரென்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டுகள் இரண்டாக மாற்றினார்கள். அதை எதிர்த்து முதலில் வாய் திறந்தவன், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த இருளப்பன். முதலில் வெளியே அனுப்பப்பட்டவனும் அவனே. சங்கத்தார் மில்லின் வாயிலில் அமர்ந்தார்கள். நிர்வாகம் நீதிமன்றம் சென்று, வாயிலுக்கு அருகில் எவரும் கூடக் கூடாது என்று தடை வாங்கிவந்தது. அதன்பின், போராட்டத்துக்கென்று காவல்துறை ஒதுக்கித் தந்த இடம்தான் காலனி முனையிலிருந்த அந்த வெற்று மனை.

அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. பொதுமக்களின் உறக்கம் கெடாதவாறு, ஒலிபெருக்கியைப் பகலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதை எழுதியவர் இரவில் உறங்குகிறவர். காலனியில் பாதிப் பேர் பகலில் உறங்குகிறவர்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. விந்தை என்னவென்றால், இருளப்பனுக்கும் அது தோன்றவில்லை. முதலாளியின் காதில் விழ வேண்டிய சொற்கள் எல்லாம், எவருக்காகச் சொல்லப்பட்டனவோ அவர்களுடைய தலைமாட்டில் வந்து விழுந்தன.

"அக்கா, தூங்கிட்டீகளா?"

பின்சுவருக்கு அப்பாலிருந்து கேட்டவள் அடுத்த வீட்டுச் சூர்யகலா. புவனேஸ்வரியோடு ஒரே ஷிப்ட்டில், இரண்டு இயந்திரம் தள்ளி நின்று, அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்ப்பவள். வயது இருபத்திரண்டு இருக்கும். புவனேஸ்வரி எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தூங்குனா எப்படிடீ உனக்குப் பதில் சொல்லுவேன்?"

"மாமாகிட்டச் செத்த சொல்லுங்கக்கா. நேத்து நின்னபடிக்கே தூங்கிட்டேன். மேஸ்திரி வந்து முதுகுல தட்டி எழுப்புறான்."

"முதுகோட விட்டானேன்னு சந்தோசப்படு."

"அவன் கிடக்கான். எனக்குப் பயமா இருக்குக்கா. நூலு ரெண்டு ரெண்டாத் தெரியுது. மாமா பேசுறது பூராம் நியாயந்தான், நான் இல்லைங்கல. உறக்கம் எங்கள் உரிமைங்குறாரு. அந்த உரிமைய மெதுவாக் கேட்டா என்னவாம்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியபின் சூர்யகலாவின் கண்கள் சிவந்து, இமைகள் வீங்கி இருப்பதைப் புவனேஸ்வரி கண்டாள். "சொல்றேன்டீ. இன்னைக்கே சொல்றேன்" என்றாள்.

மதிய உணவுக்கு இருளப்பன் வந்தான். தொண்டை கட்டியிருந்தாலும் முகத்தில் ஒரு களை இருந்தது. வேலை போன நாள் முதல் வீட்டின் மூலையில் சுருண்டு கிடந்தவன், ஒலிவாங்கி கைக்கு வந்தபின் நிமிர்ந்து நடக்கலானான்.

"வெஞ்சனம் என்ன?"

"கத்தரிக்கா."

அவள் அவனுக்கு எதிரே அமர்ந்து, அவன் தலை நிமிரும்வரை காத்திருந்தாள். மில்லுக்குள் எவரும் காதை நம்பிப் பேசுவதில்லை. இயந்திரங்களின் இரைச்சலில், வாயசைவைப் பார்த்தே ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். இருபது ஆண்டுகள் அவ்விரைச்சலில் நின்ற இருளப்பனுக்கு, வெளியிலும் அந்த வழி ஒன்றே மிஞ்சியிருந்தது. அதை அவன் எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. பிறர் சிரிக்கும்போது தானும் சிரிப்பான். பேருந்தில் யாரேனும் பின்னாலிருந்து பேசினால் உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். ஊருக்கே தெரிந்த செய்தியை ஊரிடமிருந்து மறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தான்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. நைட்டு ஷிப்ட்டுப் புள்ளைக தூங்க முடியல."

"குறைக்கவா? ஏற்கெனவே கம்மியாத்தான வச்சிருக்கேன்" என்றான் அவன், உண்மையான வியப்போடு. "மேடையில நிக்குற எனக்கே பாதி கேக்கல. மைக் செட்டுக்காரன் போதும்ணே போதும்ணேங்குறான். நாந்தான் இன்னும் வையி, இன்னும் வையின்னு வைக்கச் சொன்னேன்."

புவனேஸ்வரிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தன் காதுக்கு எட்டும் வரையில் அவன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். அவனுடைய பழுதான காதே காலனிக்கு அளவுகோல் ஆகிவிட்டது.

உங்களுக்குக் காது கேட்காது என்ற சொற்கள் அவள் நாக்கு நுனிவரை வந்தன. வேலையை இழந்தவனிடம் மிஞ்சியிருப்பது குரல் ஒன்றுதான். அந்தக் குரலை அளக்க உனக்குத் தகுதியில்லை என்று கட்டியவளே எப்படிச் சொல்வது? வந்ததை அவள் விழுங்கினாள்.

"கேட்டு வாசல்ல நிக்கவிடாமத் தள்ளிவிட்டுட்டான். இங்கன இருந்து கத்துனாத்தான அவன் ஆபீசுக்குக் கேக்கும்? இப்பக் குறைச்சா நாம பயந்துட்டோம்னு ஆயிரும். இன்னும் செத்த நாள் பொறுத்துக்க புவனா" என்று சொல்லிக் கையைக் கழுவினான்.

மாலையில் அவள் அப்துல் ஹக்கீமின் பலசரக்குக் கடைக்குப் போனாள். கடை, போராட்டப் பந்தலுக்கு நேர் எதிரே இருந்தது.

"வாம்மா. உன் வீட்டுக்காரரு புண்ணியத்துல எனக்கு யாவாரமே கையசைவுலதான் நடக்குது. நேத்து ஒருத்தரு கைய ஆட்டி என்னமோ கேட்டாரு, நான் ஊதுபத்தி எடுத்துக் குடுத்தேன். அவரு கொசுவ விரட்டியிருக்காரு."

"நீங்களாச்சும் அவுககிட்டச் சொல்லக் கூடாதா பாய்?"

ஹக்கீம் சிரிப்பை நிறுத்தினார். "சத்தத்தைக் குறைன்னு சொல்லலாம்மா. நான் சொன்னா, பேச்ச நிறுத்துன்னு சொன்னதா மில்லுக்காரன் காதுல போய் விழும். நாளைக்கு என் கடைய எவனாச்சும் இடிக்க வந்தா, எனக்காகக் கத்துறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல? நீ சொல்லு. வீட்டுக்குள்ள சொல்றது வீட்டோட போகும்."

பேருந்தில் ஏறும்போது சூர்யகலா புருவத்தை உயர்த்திக் கேட்டாள். "சொல்லிட்டேன்டீ. நாளையில இருந்து குறைச்சிருவாரு" என்றாள் புவனேஸ்வரி. அந்தப் பெண் நிம்மதியாக அவள் தோளில் சாய்ந்து, மில் வரும்வரை உறங்கினாள்.

ஒலி குறையவில்லை. சூர்யகலா மறுபடி கேட்கவும் இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் அது நடந்தது. பொழுது புலரும் நேரம். சூர்யகலாவின் இயந்திரத்தில், பல்சக்கரங்களை மறைக்கும் மூடி சில நாள்களாகவே திறந்து கிடந்தது. இருளப்பனை நீக்கிய இடத்தில் வேறு பிட்டரை நியமிக்காததால், அதை மாட்டுவதற்கு ஆளில்லை. புவனேஸ்வரி தற்செயலாகத் தலை நிமிர்ந்தபோது, சூர்யகலா தூணில் சாய்வதுபோல அந்தப் பக்கம் சாய்வதைக் கண்டாள். பிறகு அவளுடைய வாய் திறந்தது. முழுதாகத் திறந்தது. அந்தக் கூடத்தில் அலறல் கேட்காது. அதைப் பார்க்கத்தான் முடியும். புவனேஸ்வரி பார்த்தாள்.

திண்டுக்கல் மருத்துவமனையில் வலக்கையின் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

நிர்வாகம் உடனே ஓர் அறிக்கை விட்டது. தொழிலாளி பணியில் உறங்கிவிட்டார், குடியிருப்புப் பகுதியில் சங்கத்தினர் எழுப்பும் இரைச்சலால் தொழிலாளர்கள் உறக்கமின்றித் தவிக்கிறார்கள், விபத்துக்கு அவர்களே பொறுப்பு. இருளப்பன் மேடையேறி முழங்கினான். "பன்னிரண்டு மணி நேர வேலை தின்ற விரல்கள், தோழர்களே! சூர்யகலாவின் விரல்களுக்குப் பதில் சொல்!" இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மறுபாதியை அடித்தார்கள்.

சூர்யகலா வீடு திரும்பிய அன்று, அவள் தாய் கண்ணம்மாள் புவனேஸ்வரியின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"ஏத்தா புவனா, வலிக்கு மாத்திரை குடுத்து இப்பத்தான் அவளக் கண்ணசர வச்சேன். அவ பேரச் சொல்லியே அவள எழுப்பிவிடுறாரு உன் புருசன். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டாகளோன்னு எந்திரிக்கிறா. நீ போய்ச் சொல்றியா, இல்ல நான் போய் வயர அறுக்கவா?"

"சொல்றேன் சித்தி."

"முன்னாடியும் சொல்லிட்டேன்னு சொன்னியாம்ல."

புவனேஸ்வரி தலை கவிழ்ந்து நின்றாள். கண்ணம்மாள் திரும்பிப் போனாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரவு இருளப்பன் வீட்டுக்கு வரவில்லை. நிர்வாகம் கொடுத்த புகாரின்மேல் மறுநாள் சமுதாயக் கூடத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று அறிவித்திருந்ததால், அவன் மேடையிலிருந்து இறங்கியவுடனே வழக்கறிஞரைப் பார்க்கத் திண்டுக்கல் போய்விட்டான். அங்கிருந்து நேரே கூடத்துக்கு வந்து முதல் வரிசையில், விசாரணை நடத்த வந்த வருவாய்த்துறை அதிகாரியின் உதடுகளைப் பார்ப்பதற்கு வசதியான இடத்தில், அமர்ந்துகொண்டான்.

அதிகாரி பொறுமையானவர்போல் தோன்றினார். மில்லின் பணியாளர் அலுவலர், காவல்துறையினர், சங்கத்தார், காலனிவாசிகள் என்று கூடம் நிறைந்திருந்தது. முதலில் கண்ணம்மாளை அழைத்தார்கள். அவள் எழுந்து, "மில்லுக்காரன் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

"இரவுப் பணிக்குப் போறவங்க யாராவது இருக்கீங்களா? சத்தத்தால தொந்தரவு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

யாரும் அசையவில்லை. சொன்னால் சங்கத்துக்குத் துரோகம். சொல்லாவிட்டால், கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடக்கிறவளுக்குத் துரோகம். புவனேஸ்வரி எழுந்தாள்.

"பேரு?"

"புவனேஸ்வரி."

"கணவர் பேரு?"

"இருளப்பன்."

"எந்த இருளப்பன்?"

"இந்தா முன்னால உக்காந்திருக்காகளே, அவுகதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சங்கத்து ஆள் ஒருவன், "உக்காருங்க மதினி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

அதிகாரியைப் பார்த்தே அவள் பேசியிருக்கலாம். அவள் நின்ற இடம் கணவனின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்தே பேசினால் ஒரு சொல்லும் அவனுக்கு எட்டாது, பின்னால் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவள் நான்கு எட்டு முன்னால் நடந்து, அவனுக்கு நேராகத் திரும்பி நின்று, மில்லுக்குள் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்திப் பேசினாள்.

"சத்தத்துனால எங்களுக்குத் தூக்கம் இல்ல. அது நெசம். குறைக்கச் சொல்லுங்கன்னு சூர்யகலா எங்கிட்டக் கேட்டா. நான் சொன்னேன், ஆனா சொல்ல வேண்டியதச் சொல்லல. இவுகளுக்குக் காது கேக்காது. எம்புட்டுச் சத்தம் போடுறோம்னு இவுகளுக்குத் தெரியாது."

இருளப்பனின் முகம் வெளிறிப் போயிற்று. அவன் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தான். எவர் முகத்திலும் வியப்பு இல்லை. அதைக் கண்டபின் அவன் யாரையும் பார்க்கவில்லை.

புவனேஸ்வரி நிறுத்தவில்லை. "பன்னெண்டு மணி நேரம் நிக்கிறதும் நெசம். மிசினுக்கு மூடி இல்லாமக் கிடந்ததும் நெசம். மாட்டுறதுக்கு ஆளு இல்ல. மாட்டுற ஆளைத்தான் வெளிய அனுப்பிட்டாகளே. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க. குழாய மில்லுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க. சாயங்காலம் ரெண்டு ஷிப்ட்டும் முழிச்சிருக்குற நேரத்துல பேசச் சொல்லுங்க. பேச வேண்டாம்னு நான் சொல்லல. அவுக பேசணும்."

அதிகாரி தலையசைத்துவிட்டு, அருகிலிருந்த எழுத்தரிடம் சொல்லத் தொடங்கினார். "போராட்டத்தை முன்னின்று நடத்துபவரின் மனைவி உட்படக் குடியிருப்போர் ஒலியினால் பெரிதும் துன்புறுவதாகத் தெரிவித்தமையாலும், ஒலியின் அளவை உணரும் நிலையில் முன்னின்று நடத்துபவர் இல்லை என்பதாலும், வழங்கப்பட்ட அனுமதி ரத்துச் செய்யப்படுகிறது."

"ஐயா, மிச்சத்த எழுதலையே?"

"எது?"

"பன்னெண்டு மணி நேரம். மூடி."

"அது தொழிலாளர் துறை பாக்க வேண்டிய விசயம்மா. எங்கிட்ட வந்திருக்கிறது சத்தம் மட்டும்தான்." அவர் குரலில் கடுமை இல்லை. சங்கத்தாரை நோக்கி, "பேச்சுரிமையில யாரும் கைவைக்கல. பைபாசுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு நிலம் இருக்கு. குடியிருப்பு இல்லாத இடம். அங்க நீங்க தாராளமாப் பேசலாம். மைக் மட்டும் வேண்டாம்" என்றார்.

பணியாளர் அலுவலர் புவனேஸ்வரியை நோக்கிக் கைகூப்பினார். அந்தக் கும்பிடு அவள்மேல் எச்சிலாக விழுந்தது.

பந்தலைப் பிரித்தார்கள். குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். காலனியில் அமைதி வந்தது. அத்தகைய அமைதியில் தனக்கு உறக்கமே வராது என்று புவனேஸ்வரி எண்ணியிருந்தாள். ஆனால் பாயில் சாய்ந்ததும், கிணற்றில் விழுந்த கல்லைப்போல உறக்கத்தில் ஆழ்ந்தாள். பல நாளைக்குப்பின் உடல் முழுதாக உறங்கியது. கனவுகூட வரவில்லை. மாலையில் விழித்தபோது, தன் உடல் இவ்வளவு எளிதாக அந்தப் பரிசை வாங்கிக்கொண்டதே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இருளப்பன் கதவோரம் அமர்ந்திருந்தான். அவள் எழுந்ததைக் கண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எத்தன வருசமாத் தெரியும்?"

"நமக்குக் கல்யாணமாகி ரெண்டு மூணு வருசத்துல."

"ஊருக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்."

"வீட்டுக்குள்ள சொல்லியிருக்கலாம். நானே குறைச்சிருப்பேன்" என்றான்.

"குறைச்சிருப்பீகளா?"

"தெரியல" என்றான். பிறகு, "அந்தப் புள்ளைய ஒருதடவ பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். கண்ணம்மாள் கதவைத் திறக்கவில்லை.

புறம்போக்கு நிலம் முழுதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. முதல் இரண்டு நாள் சங்கத்தார் ஒரு கூட்டமாகப் போனார்கள். பிறகு, கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் பேசி என்ன பயன் என்று ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். சங்கத் தலைமை வேறு ஊரில் வேறு மில்லைப் பார்க்கப் போயிற்று. இருளப்பன் மட்டும் நாள்தோறும் மாலையில் கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போக வேண்டாம் என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று புவனேஸ்வரி கருதினாள். போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இரவுப் பணிக்குச் செல்லும் மில் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். சூர்யகலாவின் இருக்கையில் இப்போது, கன்னிவாடியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த நாகஜோதி என்ற பெண் அமர்ந்திருந்தாள். அவளைத் தவிர மற்றப் பெண்கள் எவரும் புவனேஸ்வரியோடு பேசுவதில்லை. ஓட்டுநர் அய்யனார் வழக்கம்போல் சினிமாப் பாட்டை உரக்க வைத்திருந்தார்.

"யாருக்கா அது?" நாகஜோதி சன்னல் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். "முள்ளுக்காட்டுல ஒத்தையா நின்னு கையக் கைய ஆட்டுறாரு. மனசு சரியில்லாதவரா?"

"எங்க வீட்டுக்காரரு."

நாகஜோதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாருக்கிட்டப் பேசுறாரு?"

"நம்மகிட்டத்தான்."

சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரின் இருக்கைவரை நடந்தாள். "அண்ணே, செத்த நிறுத்துங்க."

"மில்லு வண்டிய நடுவுல நிறுத்த முடியாதுத்தா. தெரியும்ல?"

"வண்டிய இல்ல. பாட்ட."

அய்யனார் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். புவனேஸ்வரி ஒரு சன்னலைத் தள்ளித் திறந்தாள். புழுதி உள்ளே வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள், ஆனால் ஒருத்தியும் மூடு என்று சொல்லவில்லை. அத்தனை பேரும் அந்தப் பக்கம் காதைத் திருப்பியிருந்தார்கள்.

எஞ்சின் இரைந்தது. சாலையில் எதிரே ஒரு லாரி கடந்து போயிற்று. முள்மரங்களுக்கு நடுவே கொடி அசைந்தது, கை உயர்ந்தது, தாழ்ந்தது. ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. பேருந்து வளைவில் திரும்பியதும் அதுவும் மறைந்தது.

"மூடிறவா அக்கா?" என்று கேட்டாள் நாகஜோதி.

புவனேஸ்வரி கம்பியைப் பிடித்தபடி பின்னால் போன வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணே எழுந்து சன்னலை மூடினாள். முன்னால் மில்லின் விளக்குகள் தெரிந்தன.